கலமென்சவ்வைத் தாண்டி பொருள் போறது: லேப் கிடைக்காத எடத்துல இருந்து ஏ.எல். பயோ படிக்கிறவங்களுக்கு ஒரு வழிகாட்டி

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா, பண்டாரவளை பக்கம் தோட்டத்துல இருந்துகிட்டு தமிழ் மீடியத்துல பயோ செய்ற தம்பி தங்கச்சிங்களுக்காக இத எழுதுறேன். பக்கத்து ஸ்கூல்ல சயன்ஸ் ஸ்ட்ரீம் இல்லாம டவுனுக்கு பஸ் ஏறி போறவங்க, ரிப்பீட் எழுதுறவங்க, லேப் எப்பவாவது தான் தொறக்குற ஸ்கூல்ல படிக்கிறவங்க எல்லாருக்கும் இது உதவும். இந்தப் பகுதிய நான் ரொம்ப கஷ்டப்பட்டு தான் தாண்டுனேன், ஒவ்வொரு நோட்ஸும் ஒவ்வொரு மாதிரி இருந்துச்சு, செய்முறைய கண்ணால பாக்காம பாடமாக்க வேண்டியிருந்துச்சு. அப்புறம் வீட்ல சீனியும் சேம்பந்தண்டும் வெச்சு செஞ்சு பாத்தப்ப தான் எல்லாம் ஒரு நேர்ல வந்து நின்னுச்சு. அந்த சுத்து உங்களுக்கு வேணாம்.

எவ்வளவு நேரம் ஆகும்னா, படிக்கிறதுக்கு ஒரு வாரம் பின்னேரம், செய்முறைக்கு ஒரு முழு சனிக்கிழமை, லேப் கிடைச்சா இன்னொரு அரை நாள்.

1. மொதல்ல பேப்பர்கள சேருங்க

டியூஷன் நோட்ஸ்ல இருந்து ஆரம்பிக்காதீங்க. தேசிய கல்வி நிறுவகத்தோட உயிரியல் பாடத்திட்டம், ஆசிரியர் வழிகாட்டி, வளநூல் இந்த மூணும் அவங்க இணையத்தளத்துலயே தமிழ்ல இலவசமா இறக்கிக்கலாம். ஈ-தக்சலாவ தளத்துலயும் பாருங்க. மூணையும் முழுசா பிரின்ட் எடுக்க வேண்டாம், செலவு தாங்காது. கல மென்சவ்வு, தாவரத்துல நீர் போறது, நரம்பு, சிறுகுடல், சிறுநீரகம், இந்த அஞ்சு எடத்துல உள்ள பக்கங்கள மட்டும் போட்டோகொப்பி எடுத்து ஒரே ஃபைல்ல போடுங்க. ஏன்னா இந்த ஒரே விஷயம் தான் அந்த அஞ்சு எடத்துலயும் துண்டு துண்டா கிடக்கு, தனித்தனியா படிக்கிற பிள்ளைக்கு அது ஒண்ணு தான்னே தெரியாம போயிருது.

அடுத்தது பாஸ்ட் பேப்பர், கூடவே புள்ளியிடும் திட்டம். இப்ப இருக்கிற பாடத்திட்டம் 2017ல வந்து 2019ல தான் மொத பரீட்சை நடந்துச்சு, அதனால 2019ல இருந்து உள்ள பேப்பர மொதல்ல முடிங்க, பழசு பயிற்சிக்கு ஓகே ஆனா அதுல உள்ள எல்லாமே இப்ப வரும்னு நம்பாதீங்க. விடை மட்டும் அடிச்ச புத்தகத்துக்கு காசு குடுக்காதீங்க, எந்த வசனத்துக்கு புள்ளி குடுக்குறாங்கன்னு தெரியணும்னா புள்ளியிடும் திட்டம் தான் வேணும்.

ரிப்பீட் எழுதுறவங்க படிச்ச ஸ்கூலுக்கே ஒரு லெட்டர் குடுங்க, லேப்ல நுணுக்குக்காட்டி ஒரு அரை நாள் பாவிக்க அனுமதி கேட்டு. அடையாள அட்டை கொப்பியும் விடுகைப் பத்திரக் கொப்பியும் சேர்த்து அதிபர் பேருக்கு எழுதுங்க, தேதிய நீங்களே ரெண்டு மூணு போட்டு குடுங்க. வாய்ல கேட்டா "பாப்போம்"னு போயிரும், கையில பேப்பர் இருந்தா டீச்சருக்கும் பதில் சொல்ல லேசு. ஒரு மாசம் முன்னாலயே குடுத்துருங்க, டெர்ம் டெஸ்ட் நேரத்துல யாரும் கவனிக்க மாட்டாங்க.

2. எந்தப் பொருள் வந்தாலும் ரெண்டே கேள்வி கேளுங்க

பெரிய அட்டவணை போட்டு பாடமாக்காதீங்க. மென்சவ்வு ஒரு 7, 8 நானோமீட்டர் தடிப்பு உள்ள இரட்டைக் கொழுப்புப் படை, நடுவுல நீர விரும்பாத வால் பகுதி, அங்கங்க புரதம் பதிஞ்சிருக்கு. ஒரு பொருள் அதுக்கிட்ட வந்தா மொத கேள்வி, கொழுப்புக்குள்ள பூந்து நேரா போக முடியுமா? ரெண்டாவது, செறிவு கூடுன பக்கத்துல இருந்து கொறஞ்ச பக்கத்துக்கு போகுதா, இல்ல எதிர்த்து போகுதா?

ஒட்சிசன், காபனீரொட்சைட்டு மாதிரி சின்ன, முனைவில்லாத மூலக்கூறு நேராவே போயிரும், அது சாதாரண பரவல். சோடியம், பொற்றாசியம் மாதிரி அயனுக்கு மின்னேற்றம் இருக்கு, சுத்தி நீர் மூலக்கூறு ஒட்டிக்கிட்டு இருக்கு, கொழுப்புக்குள்ள போகவே முடியாது. குளுக்கோசு முனைவுள்ளது, பெரிசும் கூட. இந்த ரெண்டு வகைக்கும் புரதம் வேணும். புரதம் வழியா போனாலும் செறிவுப் படித்திறனோட தெசையிலயே (கூடுன பக்கத்துல இருந்து கொறஞ்ச பக்கத்துக்கு) போனா அதுக்கு ஏடிபி, அதாவது கலம் சக்திக்கு பாவிக்கிற மூலக்கூறு, செலவு இல்ல. இங்க தான் நெறைய பேர் புள்ளிய விடுறாங்க, புரதம்னு கண்ட உடனே உயிர்ப்பான கடத்தல்னு (சக்தி செலவழிச்சு எதிர்த்து கடத்துறது) எழுதிருவாங்க. புரதம் இருக்கா இல்லையாங்கிறது மொத கேள்விக்கு பதில், சக்தி செலவாகுதாங்கிறது ரெண்டாவதுக்கு பதில், ரெண்டையும் குழப்பிக்காதீங்க. அயனுக்கு மட்டும் செறிவோட சேர்த்து ரெண்டு பக்கத்து மின்னேற்ற வித்தியாசத்தையும் பாக்கணும்.

நீர் கொழுப்புப் படைக்குள்ளாலயும் மெதுவா போகும், ஆனா வேகமா போறது அக்குவாபோரின்ங்கிற புரதக் கால்வாய் வழியா, ஒரு கால்வாய்ல ஒரு செக்கனுக்கு 300 கோடி மூலக்கூறு வரைக்கும் போகும்னு சொல்லுவாங்க. புரதம் மாதிரி பெரிய மூலக்கூறு, பக்டீரியா இதெல்லாம் மென்சவ்வே மடிஞ்சு பை மாதிரி ஆகி உள்ள எடுக்கும், இல்ல வெளிய தள்ளும், அதுக்கும் சக்தி வேணும். இது அவ்வளவு கஷ்டமான பகுதி இல்ல, ஒரு தடவை படம் கீறி பாத்தா போதும்.

3. பம்பையும் கூட்டுக் கடத்தலையும் ஒண்ணா படிங்க

சோடியம் பொற்றாசியம் பம்பு ஒரு ஏடிபிக்கு 3 சோடியம் அயன வெளிய தள்ளி 2 பொற்றாசியம் அயன உள்ள எடுக்கும். இத எல்லாரும் பாடமாக்கிருவாங்க. ஆனா அதனால என்ன ஆகுதுங்கிறத விட்டுருவாங்க: வெளிய சோடியம் கூடி, உள்ள கொறஞ்சு நிக்கும், அதனால சோடியம் எப்பவும் உள்ள வரப் பாக்கும், அது வர்ற தெசையில குளுக்கோசையும் கூட இழுத்துகிட்டு வர்றதுக்கு சிறுகுடல் கலத்துல ஒரு புரதம் இருக்கு, இது தான் கூட்டுக் கடத்தல். குளுக்கோசு தன் படித்திறன எதிர்த்து கூட உள்ள போகும், அந்தப் புரதம் நேரடியா ஏடிபி செலவழிக்காது, செலவ பம்பு முன்னாலயே கட்டிருச்சு.

வயித்தால போனா டிஸ்பென்சரில குடுக்குற ஜீவனி பக்கெட்டுல உப்பும் குளுக்கோசும் சேர்ந்தே இருக்கிறது இதுக்காகத் தான். உலக சுகாதார நிறுவனம் 2002ல இருந்து சொல்ற அளவுல ஒரு லீட்டருக்கு சோடியம் 75 மில்லிமூல், குளுக்கோசு 75 மில்லிமூல். ரெண்டும் சேர்ந்து உள்ள போகும், பின்னாலயே பிரசாரணத்தால, அதாவது மென்சவ்வு வழியா நீர் தானா நகர்றதால, நீரும் போகும். பக்கெட்ட கொறஞ்ச தண்ணில கெட்டியா கரைச்சு குடுக்கக் கூடாதுங்கிறதும் இதே கணக்கு தான், குடலுக்குள்ள செறிவு கூடுனா நீர் ஒடம்புல இருந்து குடலுக்குள்ள வந்துரும். வீட்ல சின்னப் பிள்ளை இருந்தா இத அம்மாமாருக்கும் சொல்லுங்க, பக்கெட்டுல போட்டிருக்கிற அளவு தண்ணிய அப்பிடியே பாவிக்கணும்.

தாவரத்துக்கு வந்தா சோடியத்துக்கு பதிலா ஐதரசன் அயன். புரோத்தன் பம்பு அத வெளிய தள்ளும், அது திரும்பி வரும்போது சுக்குரோச கூட்டிகிட்டு உரியத்துக்குள்ள (தாவரத்துல உணவ கொண்டு போற இழையம்) போகும். ஒரே கதை, ஆள் மட்டும் வேற.

4. நீரழுத்தம், இங்க அவசரப்படாதீங்க

மொத்தத்துல உள்ள கஷ்டத்துல பாதிக்கு மேல இங்க தான். நீரழுத்தம்னா (water potential) நீர் ஒரு எடத்துல இருந்து நகர்ந்து போகத் தயாரா இருக்கிற அளவு. மூணு விஷயம் கையில இருக்கணும்.

தூய நீரோட நீரழுத்தம் வளிமண்டல அமுக்கத்துல 0, அது தான் சாதாரணமா உச்சம். கரையம், அதாவது கரையுற பொருள், போட்டா கொறையும், மறைப் பெறுமானம் (0க்குக் கீழ) வரும். அப்ப மறை 0.3, மறை 0.7 ரெண்டுல எது பெரிசு? மறை 0.3 தான். பரீட்சைல அவசரத்துல 7 பெரிசுன்னு கண்ணு போயிரும். ஒவ்வொரு தடவையும் எண் கோடு ஒண்ணு ஓரத்துல கீறிக்குங்க, அஞ்சு செக்கன் தான் ஆகும்.

அடுத்தது, நீரழுத்தம்னா கரைய அழுத்தமும் அமுக்க அழுத்தமும் கூட்டுனது. கரைய அழுத்தம் எப்பவும் மறை, இல்ல 0. அமுக்க அழுத்தம் வீங்கின கலத்துல நேர், கலச்சுவர் திருப்பி தள்றதால வர்றது.

மூணாவது, நீர் போறது நீரழுத்தம் கூடுன எடத்துல இருந்து கொறஞ்ச எடத்துக்கு, செறிவ மட்டும் பாத்து முடிவெடுக்கக் கூடாது. ஒரு கணக்கு பாருங்க. கலம் ஒண்ணுல கரைய அழுத்தம் மறை 0.8 மெகாபஸ்கால், அமுக்க அழுத்தம் 0.5. கலம் ரெண்டுல கரைய அழுத்தம் மறை 0.6, அமுக்க அழுத்தம் 0.1. ரெண்டும் ஒட்டி இருக்கு, நீர் எங்க போகும்? செறிவு கூடுனது மொத கலம், அதனால அதுக்குள்ள தான் நீர் வரும்னு தோணும். கூட்டிப் பாருங்க, மொத கலம் மறை 0.3, ரெண்டாவது மறை 0.5. நீர் மொத கலத்துல இருந்து ரெண்டாவதுக்கு தான் போகும். இந்த ஒரு கணக்க எண்ணிக்கைய மாத்தி மாத்தி நீங்களே ஒரு பத்து போட்டு பாருங்க, அதுக்கப்புறம் எம்சிக்யூ எதுவும் பயங்காட்டாது.

தூய நீர்ல போட்ட தாவரக் கலம் முழுசா வீங்கினா அதோட நீரழுத்தம் 0 ஆகும், அப்ப அமுக்க அழுத்தமும் கரைய அழுத்தமும் ஒரே அளவு, குறி மட்டும் எதிர். முதலுருச்சுருக்கம் (நீர் இழந்து கலத்தோட உள்பகுதி சுவர விட்டு சுருங்கி விலகுறது) தொடங்குற கட்டத்துல அமுக்க அழுத்தம் 0, அதனால நீரழுத்தமும் கரைய அழுத்தமும் ஒண்ணு. பின்னால வர்ற றியோ செய்முறை இந்த வசனத்துல தான் நிக்குது.

அட்டைக்கு உப்பு போட்டா சுருண்டு விழுகுறது நமக்கு எல்லாருக்கும் தெரியும், தோல் வழியா நீர் வெளிய போறதால. ஆனா அத முதலுருச்சுருக்கம்னு எழுதாதீங்க, விலங்குக் கலத்துக்கு சுவர் இல்ல. நாத்துக்கு உரம் கூடிப்போய் கருகுறதும் நீர் வேர்ல இருந்து மண்ணுக்கு போறதால தான், அத உதாரணமா எழுதலாம்.

5. சாமான் வாங்குறது

வெள்ளச் சீனி கால் கிலோ போதும், அது சுக்குரோசு தான், லேப் சுக்குரோசு வாங்கத் தேவையில்ல. ஊசி இல்லாத 10 மில்லி சிரிஞ்சு ஒண்ணு ஃபார்மசில. வாகன பெட்டரிக்கு ஊத்துற டிஸ்டில்ட் வாட்டர் ஒரு போத்தல் பெட்ரோல் ஷெட்லயோ ஸ்பெயார் பார்ட்ஸ் கடையிலயோ கிடைக்கும், பீலித் தண்ணிலயும் பைப் தண்ணிலயும் உப்பு இருக்கும். வாங்கும்போது லேபிள பாருங்க, பக்கத்துலயே பெட்டரி அசிட்டும் விப்பாங்க, அது கண்ணையும் தோலையும் சுட்டுரும். சேம்பந்தண்டு ஓடைப் பக்கம் சும்மா கிடைக்கும், உருளைக்கிழங்கு ரெண்டு. ஒரு நாள் டியூஷனுக்கு டவுன் போய் வர்ற செலவுக்குள்ள கிட்டத்தட்ட எல்லாம் முடிஞ்சிரும்.

தராசு வாங்காதீங்க. கடை டிஜிட்டல் தராசுல 171 கிராம் சீனி நிறுத்து தரச் சொல்லுங்க, 170 காட்டுனாலும் பரவால்ல. அதே தராசுல வெறும் போத்தல வெச்சு பூச்சியம் ஆக்கி 500 கிராம் தண்ணி ஊத்தி, தண்ணி நிக்கிற எடத்துல பேனாவால கோடு போடுங்க. அது தான் 500 மில்லி கோடு.

6. கரைசல் செய்றது

சுக்குரோசு ஒரு மூல் 342 கிராம், அதனால 171 கிராம் சீனி 500 மில்லில 1 மூலர் (ஒரு லீட்டருக்கு ஒரு மூல்). போத்தல்ல மொதல்ல பாதிக்கு கொஞ்சம் மேல டிஸ்டில்ட் வாட்டர் ஊத்தி சீனி முழுசா கரைஞ்ச பிறகு தான் கோடு வரைக்கும் நிரப்பணும். 500 மில்லி தண்ணிய அளந்து அதுல சீனிய கொட்டுனீங்கன்னா மொத்தம் 600 மில்லி கிட்ட போயிரும், நீங்க 1 மூலர்னு நெனைக்கிறது உண்மைல 0.8 பக்கத்துல தான் இருக்கும், கடைசி விடை எல்லாம் தப்பாயிரும். நம்ம பக்கம் குளிருக்கு சீனி கரைய நேரம் எடுக்கும், தண்ணிய லேசா சூடாக்கலாம், ஆனா ஆறுன பிறகு தான் கோட்டுக்கு நிரப்புங்க.

அப்புறம் சிரிஞ்சால ஐதாக்குங்க. 0.1 மூலருக்கு சீனிக் கரைசல் 2 மில்லி, தண்ணி 18 மில்லி. 0.2க்கு 4ம் 16ம். இப்பிடியே 0.5 வரைக்கும், வெறும் தண்ணி ஒரு கப் தனியா. ஒவ்வொரு கப்புலயும் உடனே பேர் எழுதி ஒட்டுங்க, எல்லாம் பாக்க ஒரே மாதிரி தான் இருக்கும். அன்னிக்கே பாவிச்சிருங்க, வெச்சா பூஞ்சை பிடிக்கும்.

7. சேம்பந்தண்டு, காலைல செய்யுங்க

இது இழையத்தோட நீரழுத்தத்த கண்டுபிடிக்கிற செய்முறை. வெயில் ஏறுறதுக்கு முன்னால வெட்டுங்க, மத்தியானம் தண்டு தளர்ந்திருக்கும். கையில பொலித்தீன் பை மாட்டிக்குங்க, சேம்புல கல்சியம் ஒட்சலேற்று ஊசிப் பளிங்கு இருக்கு, நல்லா அரிக்கும், கண்ண தொட்டுராதீங்க.

5 சென்ரிமீட்டர் துண்டா வெட்டி நீளவாக்குல நாலா பிளங்க, ஒவ்வொண்ணுலயும் வெளித்தோல் இருக்கணும். வெட்டுன உடனே கொஞ்சம் வளையும், அந்த வளைவ பேப்பர்ல வெச்சு பென்சிலால கீறிக்குங்க. இத கீறாம கப்புல போட்டா செஞ்சது அத்தனையும் வீண், ஒப்பிட ஒண்ணும் இருக்காது. ஒவ்வொரு கப்புலயும் ரெண்டு கீலம் போட்டு அரை மணித்தியாலம் விடுங்க, நுவரெலியா மாதிரி குளிர்ல முக்கால் மணித்தியாலம் வெச்சா நல்லது, வெப்பநிலை கொறைய நீர் போற வேகமும் கொறையும்.

வெளிய எடுத்து திரும்பவும் கீறுங்க. ஐதான கரைசல்ல உள்பக்கக் கலம் நீர் எடுத்து விரியும், வெளித்தோல் அவ்வளவு விரியாது, அதனால தோல் உள்பக்கமா வர்ற மாதிரி இன்னும் வளையும். செறிஞ்சதுல வளைவு கொறையும். எந்தக் கரைசல்ல மொத வளைவு மாறாம இருக்கோ அந்தக் கரைசலோட கரைய அழுத்தம் தான் இழையத்தோட நீரழுத்தம். ரெண்டு கரைசலுக்கு நடுவுல வந்தா நடுப் பெறுமானம் எடுங்க.

உருளைக்கிழங்கும் இதே தான், வளைவுக்கு பதிலா திணிவு. ஆனா கடைத் தராசு அதுக்கு காணாது, நீளத்த அடிமட்டத்தால அளந்து சதவீத மாற்றம் எடுங்க, பத்து சென்ரிமீட்டர் கிட்ட நீளமா வெட்டுனா தான் வித்தியாசம் தெரியும், மூணு நாலு மணித்தியாலம் விடணும்.

8. றியோ இலை, இதுக்கு லேப் வேணும்

இது கலச்சாறோட கரைய அழுத்தத்த கண்டுபிடிக்கிற செய்முறை. றியோ பூச்சட்டில வளக்குற செடி, இலையோட அடிப்பக்கம் ஊதா. வீட்ல இருந்தே இலை எடுத்துகிட்டு போங்க, கரைசல்களையும் அன்னிக்கு காலைல செஞ்சு கொண்டு போங்க, அப்ப லேப் நேரம் முழுக்க நுணுக்குக்காட்டிக்கே கிடைக்கும்.

ஊதாப் பக்கத்து மேற்றோல மெல்லிசா உரிச்சு ஒவ்வொரு கரைசல்லயும் 20, 25 நிமிஷம் போடுங்க. ஒவ்வொண்ணையும் அஞ்சு நிமிஷம் இடைவெளி விட்டு போட்டா எண்ண நேரம் கிடைக்கும். சிலைட்ல வைக்கும்போது அதே கரைசல்ல ஒரு துளி தான் விடணும், தண்ணி விட்டா சுருங்கின கலம் திரும்ப விரிஞ்சிரும். ஒரு பார்வைப் புலத்துல மொத்தக் கலம் எத்தனை, சுருங்கினது எத்தனைன்னு எண்ணி சதவீதம் எடுத்து செறிவுக்கு எதிரா வரைபு கீறுங்க, 50 சதவீதத்துக்கு நேரா உள்ள செறிவு தான் தேவை. கொஞ்சம் மூலையில விலகுனாலும் அது சுருங்கின கலம் தான்.

இங்க கிடைக்கிறது கலச்சாறோட கரைய அழுத்தம். சேம்புல கிடைச்சது நீரழுத்தம். ரெண்டையும் மாத்தி எழுதுறவங்க ரொம்ப பேர். இன்னொரு கேள்வியும் வரும், சுருங்கின முதலுருவுக்கும் சுவருக்கும் நடுவுல என்ன இருக்கு? வெளிக் கரைசல் தான், வெற்றிடம் இல்ல, கலச்சுவர் கரையத்தயும் உள்ள விடும்.

9. செறிவ அழுத்தமா மாத்துறது

வினால செறிவுக்கு நேரா கரைய அழுத்தம் போட்ட அட்டவணை குடுத்தா அட்டவணைய பாவிங்க. 20 பாகை செல்சியஸ்ல 0.3 மூலர் சுக்குரோசுக்கு அட்டவணைல மறை 820 கிலோபஸ்கால்னு இருக்கும், வாயு மாறிலி போட்டு சமன்பாட்டுல (செறிவு, வாயு மாறிலி, வெப்பநிலை மூணையும் பெருக்கி மறைக் குறி போடுறது) செஞ்சா மறை 730 கிட்ட வரும். ரெண்டுல ஒண்ணு தப்புன்னு பயப்படாதீங்க, சமன்பாடு இலட்சியக் கரைசலுக்கு உள்ளது, செறிவு கூடக் கூட அதுக்கும் அட்டவணைக்கும் உள்ள தூரம் கூடும். சமன்பாடு பாவிச்சா வெப்பநிலைய கெல்வின்ல போடணும், 16 பாகைன்னா 289.

10. பேப்பர்ல நேரம்

பகுதி ஒண்ணு 50 எம்சிக்யூ, 2 மணித்தியாலம், ஒண்ணுக்கு ரெண்டரை நிமிஷம் கூட முழுசா இல்ல. நீரழுத்தக் கணக்கு வந்தா ரெண்டு கலத்துக்கும் கூட்டுத்தொகைய எழுதி அம்புக்குறி போட்டுட்டு தான் விடைய பாருங்க. பகுதி ரெண்டு 3 மணித்தியாலம், அமைப்புக் கட்டுரை 4ம் கட்டாயம், கட்டுரை 6ல 4. செய்முறைக் கேள்வி அமைப்புக் கட்டுரைல வந்தா "ஏன் அதே கரைசல்", "ஏன் 50 சதவீதம்", "ஏன் ஊதாப் பக்கம்" மாதிரி ஏன் கேள்வி தான் அதிகம், அதுக்கு ரெண்டு வரி இடம் தான் தருவாங்க. அதனால செய்முறை செஞ்ச அன்னிக்கே ஒவ்வொரு படிக்கும் பக்கத்துல ஏன்னு ஒரு வரி எழுதி ஃபைல்ல வெச்சிருங்க. சமநிலைன்னு எழுதுற எடத்துல "அசைவு நின்னுருச்சு"ன்னு எழுதாதீங்க, தேறிய அசைவு தான் 0, மூலக்கூறு ரெண்டு பக்கமும் போய்கிட்டே தான் இருக்கும்.